மூடி திறந்தும் ஓடிய கத்தி

அன்று அந்த அன்னாசிக் கொட்டகையில் இருந்தவர்கள் ஐந்து பேர்: நான், என் தங்கை, முதலாளி, முதலாளியின் மனைவி, தோல் சீவும் மேசையில் நின்ற மலாய்க்கார அம்மா. அந்த அம்மாவை எல்லோரும் கக், மலாயில் அக்கா, என்றுதான் கூப்பிடுவார்கள். ஆறாவது ஆள் கிடையாது. இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். பிறகு பேச்சு எழுந்தபோதெல்லாம், அந்த நேரத்தில் தான் அங்கே இல்லை என்று ஆளுக்கு ஆள் சொன்னார்கள். முதலாளி லாரிக்காரனோடு வெளியே நின்றாராம். அவர் மனைவி பின்கட்டில் ஜாம் கிண்டிக்கொண்டிருந்தாராம். அப்படியெல்லாம் இல்லை. முதலாளி தராசுக்குப் பக்கத்தில் இருந்தார். அவர் மனைவி போத்தல்களில் லேபல் ஒட்டிக்கொண்டிருந்தார். என்னைப் போன்ற பயந்த ஆட்கள் ஓர் இடத்துக்குள் நுழைந்தால், யார் எங்கே இருக்கிறார்கள், வெளியேற வழி எங்கே, மின்சாரத்தின் சுவிட்ச் எங்கே என்று கண் தானாகவே பார்த்து வைத்துக்கொள்ளும்.

என் பயத்துக்கு வயது அதிகம். கோத்தா திங்கிப் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்தோம். மழைக்காலத்தில் ஆற்றுத் தண்ணீர் வீட்டுக்குள் வந்துவிடும். அரிசி டின்னைப் பரணில் ஏற்றிவிட்டு, தங்கையை இடுப்பில் வைத்துக்கொண்டு நான் மேசைமேல் நிற்பேன். தண்ணீர் இறங்கிய பிறகும் என் உடம்பு அந்த மேசையைவிட்டு இறங்கவில்லை என்று நினைக்கிறேன். இன்றும் அடுப்பை அணைத்தேனா என்று திரும்பிப் போய்ப் பார்ப்பேன். பூட்டிய கதவை இழுத்துப் பார்ப்பேன். என் கணவர் விடியுமுன் மோட்டார் சைக்கிளில் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவர். பாலத்தைத் தாண்டிவிட்டதாக அவரிடமிருந்து செய்தி வரும்வரை எனக்குத் தேத்தண்ணி இறங்காது. தங்கை என்னைக் கேலி செய்வாள்: "நீ பயந்து பயந்தே கெழவி ஆயிருவக்கா."

படிவம் இரண்டோடு, பதினாலு வயதில், பள்ளியை விட்டேன். எலக்ட்ரானிக் பேக்டரியில் பூதக்கண்ணாடிக்குக் கீழே ஈயம் வைத்துக்கொண்டிருந்தேன். அந்தப் பேக்டரி மூடியதும் ஸ்கூடாயில் ஒரு கடைவீட்டின் மாடியில் வேலை கிடைத்தது. அதை நடத்துகிறவரை அண்ணே என்று கூப்பிடுகிறோம். தானாகத் திறக்கும் வீட்டு ஆட்டோகேட், தண்ணீர்ப் பம்பு, கார் கழுவும் மெஷின் போன்றவற்றுக்கு உள்ளே இருக்கும் சின்னச் சின்னப் போர்டுகளை நாங்கள் செய்கிறோம். பச்சைப் பலகை, அதில் செப்புக் கோடுகள், கோடுகளின் மேல் சில்லறைச் சாமான்கள். அந்தக் கோடுகள் எந்த வழியாகப் போக வேண்டும், எந்தச் சாமான் எந்த மூலையில் உட்கார வேண்டும் என்று கம்ப்யூட்டரில் வரைவது என் வேலை. அதற்கென்று நான் படிக்கவில்லை. பார்த்துப் பார்த்து வந்ததுதான்.

காந்த சென்சர் வைத்த போர்டு வந்தால் அதைக் கடைசிக்குத் தள்ளித் தள்ளி வைப்பேன். மற்ற சாமான்கள் கோடு வழியாக வருவதைத்தான் கேட்கும். இது அப்படியில்லை. பக்கத்தில் யார் போனாலும் காது கொடுக்கும். காந்தம் அருகே வந்தால் தெரிந்துகொள்வதுதான் அதன் தொழில்; ஆனால் அது எந்தக் காந்தம், யாருடைய காந்தம் என்று அதற்குத் தெரியாது. கம்பியில் மின்சாரம் ஓடினாலே கம்பியைச் சுற்றிக் காந்தம் உண்டாகிவிடும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் எங்கள் கடை செய்த ஓர் ஆட்டோகேட் போர்டில், மோட்டாருக்குப் போகும் தடித்த கோடு சென்சரின் காலடியிலேயே போனது. கேட் கொஞ்சம் இறுகி மோட்டார் முக்கி இழுக்கும்போதெல்லாம், 'காந்தம் வந்துவிட்டது, கேட் முழுசாகத் திறந்துவிட்டது' என்று சென்சர் நினைத்துக்கொள்ளும். கேட் பாதியில் நின்றுவிடும். வீட்டுக்காரர் காரை உள்ளே விடவும் முடியாமல் வெளியே எடுக்கவும் முடியாமல் போனில் திட்டினார். அன்றிலிருந்து காந்த சென்சருக்குப் படம் வரைகிறபோது நான் என் வீட்டுக் கதவைப் பூட்டுவது போலத்தான் வரைவேன். திரும்பத் திரும்பப் போய் இழுத்துப் பார்ப்பேன்.

தங்கை பெக்கான் நானாஸில் குடும்பம் நடத்துகிறாள். அன்னாசிக் கொட்டகையில் அவளுக்கு வேலை. தோல் சீவின பழத்தை மெஷினில் வைத்தால் வட்டக் கத்தி சுற்றி வளையம் வளையமாக அறுத்துக் கொடுக்கும். கத்திக்கு மேலே ஒரு மூடி உண்டு. மூடியைத் தூக்கினால் மெஷின் நிற்க வேண்டும். முன்பு அதற்கு அமுங்கும் சுவிட்ச் ஒன்று இருந்தது. அன்னாசிச் சாறு எதையும் விட்டுவைக்காது. சாறு பட்டு சுவிட்ச் பச்சை பிடித்து, எறும்பு ஏறி, இறுகிவிட்டது. அவர்கள் அதை டேப் சுற்றி அமுக்கியே வைத்துவிட்டார்கள். தங்கை இதை ஒரு விசேஷ வீட்டில் சிரித்துக்கொண்டே சொன்னாள். நானே அந்த முதலாளியிடம் போய், எங்கள் கடையில் சாறு புகாத மாதிரி ஒன்று செய்து தருகிறோம் என்று கெஞ்சாத குறையாகச் சொன்னேன். வியாபாரத்துக்காக அல்ல. அவள் விரல்களுக்காக.

மூடியின் ஓரத்தில் ஒரு சின்னக் காந்தம். அதற்கு எதிரே, முழுக்க அடைத்த பிளாஸ்டிக் பெட்டிக்குள் போர்டு. மூடி மூடியிருந்தால் சென்சருக்குக் காந்தம் தெரியும், பெட்டியில் பச்சை விளக்கு எரியும், மெஷின் ஓடலாம். மூடியைத் தூக்கினால் காந்தம் விலகும், விளக்கு அணையும், மோட்டாருக்கு மின்சாரம் நிற்கும். இவ்வளவுதான். ஆனால் வரைய உட்கார்ந்தபோது என் பயமெல்லாம் வரிசையில் வந்து நின்றது. மோட்டார் கோடு சென்சரைத் தொட்டுக்கொண்டு போகக் கூடாது. அதைப் போர்டின் மறுகோடியில் வைத்தேன். போகிற கோடும் திரும்பி வருகிற கோடும் ஒன்றையொன்று உரசாத குறையாக ஒட்டி நடக்கும்படி வரைந்தேன். அப்படிப் போனால் ஒன்றின் காந்தத்தை மற்றது அடித்துவிடும். மோட்டாருக்கு மின்சாரத்தை விட்டு நிறுத்தும் ரிலேக்குள் இரும்பு இருக்கிறது, அதையும் தூரத்தில் வைத்தேன். பீப் பீப் என்று கத்தும் பசருக்குள்ளேயே ஒரு காந்தம் இருக்கிறது. அதை மாற்றி, காந்தம் இல்லாத வகையைப் போட்டேன். மூலைத் திருகாணிகள் இரும்பாக இருந்தால் காந்தத்தை வழிமாற்றி இழுக்கும். ஹார்ட்வேர் கடையில் தேடிப் பித்தளைத் திருகாணி வாங்கி வந்தேன். மாட்டுகிறவன் காந்தத்தைத் தலைகீழாக ஒட்டிவிட்டால் என்ன செய்வது என்று, எந்த முனை வந்தாலும் வேலை செய்கிற சென்சராகப் பார்த்துப் போட்டேன்.

அண்ணே படத்தைப் பார்த்துவிட்டு, "ஒரு மூடிக்கு இவ்ளோ பயமா? ராக்கெட்டா விடப் போறோம்?" என்றார்.

"என் தங்கச்சி கை வைக்கிற மெசினுண்ணே."

"சரி, சரி. அனுப்பு."

போர்டு நன்றாகத்தான் வேலை செய்தது. மழை பெய்து வெயில் அடித்து, கொட்டகையில் பழம் மலைபோலக் குவிந்து தீர்ந்து மறுபடியும் குவிந்தது. ஒரு கோளாறும் இல்லை. நானும் கொஞ்சம் மூச்சு விட ஆரம்பித்தேன். அந்த வருட ஆயுத பூஜை முடிந்து, தீபாவளிக்கு அன்னாசி ஜாம் ஆர்டர்கள் குவிந்துகொண்டிருந்த சமயம். மத்தியானச் சாப்பாட்டு வேளையில் தங்கை போன் செய்தாள்.

"அக்கா, உன் போர்டு இப்பதான் லா ஒழுங்கா வேல செய்யுது."

"ஏன், முன்ன என்ன?"

"முன்ன மூடியத் தூக்குனா நின்னுரும். மூடி, பட்டன் அமுக்கி, மறுபடி மூடி, மறுபடி அமுக்கி, தோள்பட்ட கழண்டுரும். இப்ப நிக்கறதே இல்ல. தொறந்து வெச்சே அறுக்கறோம். வேல சரசரன்னு ஓடுது. முதலாளி மூஞ்சில சிரிப்பப் பாக்கணுமே."

கையிலிருந்த சோறு கையிலேயே நின்றது.

"எப்பத்திலேர்ந்து?"

"பூச முடிஞ்சு மெசின் போட்டதிலேர்ந்து. சாமி கண்ணத் தொறந்துட்டாருன்னு ஆன்ட்டி சொல்றாங்க." ஆன்ட்டி என்றால் முதலாளியின் மனைவி.

"சிவப்பு பட்டன அமுக்குனா நிக்குதா?"

"நிக்குது. என்னா நீ, போலீஸ் மாரி கேக்கற?"

சிவப்புப் பொத்தானுக்கு நிற்கிறது என்றால் ரிலே ஒட்டிக்கொள்ளவில்லை. மோட்டாரை நிறுத்துகிற வழி சரியாக இருக்கிறது. அப்படியானால் மூடி திறந்திருக்கும்போதும் மூடியிருப்பதாக சென்சர் சொல்கிறது. சென்சர் பொய் சொல்கிறது என்றால், அதைப் பொய் சொல்ல வைத்தது என் படமாகத்தான் இருக்க வேண்டும்.

"இனிமே அந்த மெசின்ல கை வைக்காத. நான் வர்றவரைக்கும் தொடாத. கேக்குதா?"

"நீ தண்ணி குடிச்சாலும் பயந்துதான் குடிப்ப. வேல இருக்குக்கா, வெச்சிர்றேன்."

முதலாளிக்குப் போன் போட்டேன். அவர் இரைச்சலுக்கு நடுவே, "ஞாயித்துக்கெழம வாம்மா, சாவகாசமா பாக்கலாம். இப்ப தீபாவளி ஆர்டர் தலைக்கு மேல நிக்குது" என்றார். மெஷினை நிறுத்தச் சொன்னேன். "நல்லாத்தானே ஓடுது" என்று சொல்லி வைத்துவிட்டார்.

கம்ப்யூட்டரில் படத்தைத் திறந்தேன். ஒவ்வொரு கோடாக விரல் வைத்துப் போனேன். மோட்டார் கோடு தூரத்தில்தான் இருந்தது. ரிலே மறுகோடியில்தான். பித்தளை எழுதியிருந்த இடத்தில் பித்தளைதான். தப்பு எங்கே என்று தெரிந்தால்கூடப் பயம் ஓர் இடத்தில் உட்கார்ந்திருக்கும். ஒன்றும் தெரியாதபோது அது உடம்பு முழுக்க அலைகிறது. சென்சரே செத்திருக்குமோ? சாறு உள்ளே புகுந்திருக்குமோ? நான் எதையாவது மறந்து, அந்த மறதிக்குள் அவள் கை போய்க்கொண்டிருக்கிறதோ?

அண்ணே என் முகத்தைப் பார்த்தார். "இங்க ஒக்காந்து அழுதா என்னா ஆவப் போவுது? கார எடு. போயி பாரு."

நான் கார் ஓட்டுவதே கணக்கில் சேராது. கிட்டத்துக் கடைக்கும் கோயிலுக்கும்தான். அன்று பொந்தியான் சாலையில் எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றிய லாரிகளுக்கு நடுவே, ஸ்டேரிங்கைக் கட்டிப் பிடித்துக்கொண்டு போனேன். பின்னால் வந்தவர்கள் ஹார்ன் அடித்துவிட்டுத் தாண்டிப் போனார்கள். சதுப்பு மண்ணின் மேல் போட்ட சாலை அலை அலையாகத் தூக்கிப் போட்டது. ஒவ்வொரு தூக்கலிலும் அவள் கை மட்டும் எனக்குத் தெரிந்தது. சின்ன வயதில் மேசைமேல் நிற்கும்போது என் சட்டைக் கழுத்தைப் பிடித்துக்கொண்டிருந்த கை.

கொட்டகைக்குள் நுழைந்தபோது கத்தி ஓடிக்கொண்டிருந்தது. மூடி நிமிர்ந்து பின்பக்கம் சாய்ந்திருந்தது. பெட்டியில் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. தங்கை எனக்கு முதுகைக் காட்டி நின்றாள். நார்த் துண்டு ஒன்று கத்திக்கும் தட்டுக்கும் நடுவே சிக்கியிருந்தது போலிருக்கிறது. துணிக் கையுறை போட்ட வலது கையை உள்ளே விட்டு அதைப் பிடுங்கிக்கொண்டிருந்தாள். கக் பழம் சீவிக்கொண்டிருந்தார். முதலாளி தராசைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கூப்பிட வாய் வந்தது. கூப்பிடவில்லை. கூப்பிட்டால் அவள் திடுக்கிட்டுத் திரும்புவாள், திரும்பும்போது கை எங்கே போகும் என்று தெரியாது. என் வாழ்க்கையில் சின்னச் சின்னதுக்கெல்லாம் கத்தியிருக்கிறேன். அன்று மட்டும் சத்தம் காட்டாமல், அவளைப் பார்க்காமல் சுவரோரம் நடந்தேன். வாசலில் நுழைந்தபோதே கண் பார்த்து வைத்திருந்த பெரிய சுவிட்சைப் பிடித்துக் கீழே இறக்கினேன்.

மின்விசிறி, விளக்கு எல்லாம் போயின. கத்தி மட்டும் நிற்கவில்லை. மின்சாரம் போன பிறகும் அது தன் வேகத்திலேயே சுற்றிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தம் மெல்ல மெல்லத்தான் இறங்கியது. அவள் கை உள்ளேதான் இருந்தது. நான் சுவிட்சை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றேன். என்ன வேண்டினேன் என்று நினைவில்லை. எதையோ யாருக்கோ கொடுப்பதாக ஒப்புக்கொண்டேன்.

கத்தி அடங்கியது. அவள் கையை வெளியே எடுத்தாள். விரல்களுக்கு நடுவே நார்த் துண்டு.

"கரண்டு போச்சா?" என்று திரும்பியவள் என்னைப் பார்த்தாள். "என்னக்கா நீ, இங்க நிக்கிற? அலமாக்! உன் மூஞ்சி ஏன் இப்படி இருக்கு?"

அவள் கையைப் பிடித்துக் கையுறையை உருவினேன். ஆள்காட்டி விரல் இருந்த இடத்தில் துணி நேராகப் பிளந்திருந்தது. விரலில் ஒன்றுமில்லை. கீறல்கூட இல்லை. அவளும் அந்தப் பிளவை அப்போதுதான் பார்த்தாள்.

முதலாளி வந்தார். "யாரு மெயினை எறக்குனது? ஜாம் கிண்டற மெசினும் நின்னுருச்சு, அடி புடிக்கப் போவுது."

"நாந்தான்" என்றேன். "மூடி தொறந்திருக்கு, மெசின் ஓடுது. இது ஓடக் கூடாது."

"உன் போர்டு ஓட்டுது, ஓடுது. கேளு உன் போர்ட்ட."

அவர் சொன்னதில் தப்பு இல்லை. அதனால்தான் எனக்கு அழுகை வந்தது. திருப்புளியை எடுத்துக்கொண்டு பெட்டியின் முன்னால் போய் நின்றேன். பெட்டியின் மேல் ஒரு சின்னப் பிள்ளையார் உட்கார்ந்திருந்தார். கார் டேஷ்போர்டில் வைக்கிற மாதிரி, தங்கக் கலரில், நெற்றியில் குங்குமம், காலடியில் காய்ந்த மல்லிகை. ஆயுத பூஜைக்கு மெஷினைக் கழுவித் துடைத்துப் பொட்டு வைத்து, அன்று வைத்திருப்பார்கள். முதலில் எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. விரல் தப்பியதே என்றுதான் தோன்றியது. திருப்புளி பிடித்த கையோடு அவரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளப் போனேன்.

டக்.

திருப்புளி என் கையைவிட்டுத் தாவிப் பிள்ளையாரின் பீடத்தில் போய் ஒட்டிக்கொண்டது.

நான் அதைப் பிடுங்கினேன். விட்டேன். மறுபடியும் டக். காரில் ஆடாமல் நிற்பதற்காகப் பீடத்துக்குள் காந்தம் வைத்திருக்கிறார்கள். நல்ல வலுவான காந்தம். பெட்டி பிளாஸ்டிக் என்பதால் காந்தம் ஒட்டாமல் போகவே, ஆன்ட்டி இரண்டு பக்கமும் பசை உள்ள டேப்பைப் போட்டு ஒட்டியிருக்கிறார். ஒட்டின இடத்துக்கு நேர் கீழே என் சென்சர். மோட்டார் கோட்டுக்குப் பயந்தேன், ரிலேக்குப் பயந்தேன், பசருக்கும் திருகாணிக்கும் பயந்தேன். எல்லாப் பயமும் பெட்டிக்கு உள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தது. பெட்டியின் தலைமேல் பிள்ளையார் வந்து உட்காருவார் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அதுவும் எந்த முனை வந்தாலும் வேலை செய்கிற சென்சர்; பிள்ளையாரின் காந்தத்தை மூடியின் காந்தம் என்றே எடுத்துக்கொண்டது.

"ஆன்ட்டி, இத எடுக்கணும்" என்றேன். சொல்லும்போதே குரல் இறங்கிவிட்டது.

அவர் லேபல் கையோடு எழுந்து வந்தார். "பூச பண்ணி வெச்சத அப்படியெல்லாம் எடுக்கக் கூடாதும்மா. கை வைக்கிற மெசின், காபந்தா இருக்கணும்னுதான் பாத்துப் பாத்து இந்த எடத்துல வெச்சேன். சாறு தெறிக்காத எடம் இது ஒண்ணுதான்."

"உள்ள காந்தம் இருக்கு ஆன்ட்டி. அதனாலதான் மூடி தொறந்தும் ஓடுது."

"சாமியால ஓடுதுங்கிறியா?"

"சாமியால இல்ல. காந்தத்தால."

"ரெண்டும் ஒண்ணாத்தானே ஒக்காந்திருக்கு" என்றார் அவர். கோபமாகச் சொல்லவில்லை. எனக்கும் பிள்ளையாரை எடுக்கப் பயமாகத்தான் இருந்தது. எடுத்த பிறகு தங்கைக்கு வேறு எதுவும் ஆகிவிட்டால்?

கக் அப்போதுதான் வாயைத் திறந்தார். அவருக்கு நம் பேச்சு பாதி வரும். "நான் பாத்தேன் லா. இந்த பாத்தோங், சாமி சிலை, வந்தது, மெசின் நிக்கல. எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சும் ஏன் சொல்லல கக்?" என்றாள் தங்கை.

"உங்க சாமி. நான் தொட்டா நல்லா இல்ல. நான் சொன்னா, அதுவும் நல்லா இல்ல." அவர் சீவும் கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கைகளை மேலாடையில் துடைத்துக்கொண்டார். பூஜை முடிந்த நாளிலிருந்து அந்த அம்மா தான் பார்த்ததை உள்ளேயே வைத்துக்கொண்டு, பக்கத்தில் என் தங்கையின் கை போய் வருவதைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார். அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவருடைய பயம் எனக்குத் தெரிந்த பயம்தான்.

தங்கை அந்தக் கையுறையை எடுத்து ஆன்ட்டியிடம் நீட்டினாள். எப்போதும் எதற்காவது சிரிக்கிறவள் அப்போது சிரிக்கவில்லை. ஆன்ட்டி அந்தப் பிளவுக்குள் தன் விரலை விட்டுப் பார்த்தார். அவர் விரல் மறுபக்கம் வெளியே வந்தது.

"மோட்டார் ஒயரக் கழட்டிட்டு மெயினப் போடு, பாத்துரலாம்" என்று ஆன்ட்டி என்னிடம் சொன்னார்.

கழற்றினேன். கழற்றியதை இழுத்துப் பார்த்தேன். மெயினைப் போட்டேன். மூடி திறந்தே இருந்தது. பச்சை விளக்கு எரிந்தது. ஆன்ட்டி சேலைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டு, வாய்க்குள் எதையோ முணுமுணுத்தபடி, டேப்போடு பிள்ளையாரை உரித்து எடுத்தார். விளக்கு அணைந்தது. கிட்டே கொண்டு வந்தார். எரிந்தது. விலக்கினார். அணைந்தது. இத்தனை நாளாக மூடி திறந்திருந்தபோதும் எரிந்த அந்த விளக்கைப் பார்த்துத்தான் எல்லோரும் நம்பி உள்ளே கைவிட்டிருக்கிறார்கள்.

"போதும்" என்றார் முதலாளி. முகம் வெளிறியிருந்தது. வாசல் நிலைக்கு மேல் அவரே ஒரு பலகையை அடித்தார். பிள்ளையாரை அதன் மேல் வைத்து, ஆன்ட்டி கற்பூரம் காட்டினார். நானும் கும்பிட்டேன். அங்கிருந்து மெஷின் எவ்வளவு தூரம் என்று கும்பிட்டுக்கொண்டே பார்த்தேன்.

அத்தோடு முடிந்துவிட்டது என்றார்கள். என்னைப் பொறுத்தவரை முடியவில்லை. இன்று பிள்ளையார். நாளைக்கு யாராவது போனை மாட்டுகிற காந்தத்தை ஒட்டுவார்கள், மேக்னட் வைத்த காலண்டரைத் தொங்கவிடுவார்கள். கடைக்குத் திரும்பி முதலிலிருந்து வரைந்தேன். இந்தத் தடவை இரண்டு சென்சர். ஒன்று, மூடியின் காந்தத்தைப் பார்க்க வேண்டிய இடத்தில். இன்னொன்று, எதையுமே பார்க்கக் கூடாத இடத்தில், பெட்டியின் முகத்துக்கு நேர் கீழே, கை சும்மா இருக்காமல் எதையாவது ஒட்டத் தோன்றுகிற அந்த நடு இடத்தில். அந்த இரண்டாவது சென்சருக்குக் காந்தம் தெரிந்தால், மூடி மூடியே இருந்தாலும் மெஷின் ஓடாது. அதற்கு இடம் விட ரிலே நகர்ந்தது. ரிலே நகர்ந்ததால் மோட்டார் கோடுகளை மறுபடியும் ஜோடியாகச் சுற்றிக் கொண்டுபோக வேண்டியிருந்தது. கொண்டுபோகிற வழியில் இரண்டு சென்சரையும் விட்டு விலக வேண்டும். போர்டு செய்து வந்ததும் என் வீட்டுக் குளிர்பெட்டியில் ஒட்டியிருந்த காந்தங்களையெல்லாம் பிடுங்கிக் கொண்டுவந்து ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தேன். அண்ணே சிரிக்கவில்லை.

புதுப் போர்டை நானே கொண்டுபோய் மாட்டினேன். பணம் தீபாவளிக்குப் பிறகு என்றார் முதலாளி. "நான் கேக்கல, நீயாத்தான் கொண்டாந்த. இருந்தாலும் தர்றேன்." தலையாட்டினேன். பழைய போர்டைக் கேட்டேன். "அது நான் காசு குடுத்து வாங்குனதும்மா. இருக்கட்டும், ஸ்பேராட்டம்" என்று தராசு மேசையின் இழுப்பறையில் போட்டுவிட்டார்.

அந்த இழுப்பறைதான் இப்போது என் தூக்கத்தில் வருகிறது. பழையது, மேலே ஒரு காந்தத்தை ஒட்டினால் மூடி திறந்தும் நிற்காமல் ஓடுகிற போர்டு; வேலை வேகமாக முடியும். அதுவும் அவருக்குத் தெரியும். தீபாவளி போனது, பணம் வரவில்லை. பொங்கலுக்குப் பார்க்கலாம் என்றார், அதுவும் போனது. அந்த ஆர்டரைக் கொண்டுவந்தவள் நான் என்பதால், கணக்கு என் பேரில் நிற்கிறது என்று அண்ணே அவ்வப்போது சொல்லிக்காட்டுகிறார். தங்கையிடம் பழைய போர்டை எடுத்து வந்துவிடச் சொன்னேன். "என்னையத் திருடச் சொல்றியா? கோயிலுக்கெல்லாம் போற பொம்பள நீ" என்றாள். இப்போது தினமும் மத்தியானம் அவளுக்குப் போன் செய்கிறேன். சாப்பிட்டாயா என்று கேட்பதில்லை. கை எப்படி இருக்கிறது என்று கேட்கிறேன்.

"ரெண்டும் இருக்குக்கா" என்பாள். "மூடியத் தூக்குனா நிக்குது. போதுமா?"

போதும். முதலாளியை நெருக்கிப் பணம் கேட்டால், 'இந்தா உன் புதுசு, எடுத்துட்டுப் போ' என்று கழற்றிக் கையில் கொடுத்துவிட்டு இழுப்பறையைத் திறப்பார். அதனால் நான் கேட்பதில்லை. கொட்டகைக்குப் போனால் வாசலில் நின்று பிள்ளையாரைப் பார்க்கிறேன், மூடியைப் பார்க்கிறேன், முதலாளிக்கு வணக்கம் சொல்கிறேன், வந்துவிடுகிறேன். இன்னும் வர வேண்டியது முந்நூற்று நாற்பது ரிங்கிட்.